தூண்களை மட்டும் அளந்தால் போதுமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

நடுமுற்றத்தைச் சுற்றி நாற்புறமும் கட்டிய யாழ்ப்பாணத்து நாற்சார் வீடுகள் ஒவ்வொன்றாக உடைபடுவது பற்றிக் கடந்த வாரம் வந்த கட்டுரையை வாசித்தேன். நடுமுற்றம், மரத்தூண், திண்ணை எல்லாம் நன்றாக எழுதப்பட்டிருந்தன. ஆனால் போரில் இந்த வீடுகள் பட்ட பாட்டைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. அது பெரிய குறை.

வலிகாமத்தில் உள்ள எங்கள் அம்மம்மா வீட்டின் வீதிப்பக்கச் சுவரில் 1987 ஒக்டோபரில் இந்திய இராணுவத்துக்கும் புலிகளுக்கும் நடந்த சண்டையில் பட்ட சூடுகள் இன்னும் பூசப்படாமலே இருக்கின்றன. 1990 இல் மறுபடி சண்டை மூண்டதும் பின்வளவில் பங்கர் (பதுங்குகுழி) வெட்டினோம். வாசலில் ஷெல் விழுந்தாலும் அதன் பீஸ் (சிதறும் துண்டு) நேரே உள்ளே பாயக்கூடாது என்பதற்காக ‘ட’ வடிவில் வெட்டி, மேலே பனங்குற்றி அடுக்கி மண்மூட்டை போட்டோம். சாக்கு கிடைக்கவில்லை. அம்மம்மா தன் சேலைகளை வெட்டி மூட்டை தைத்தார். அதில் ஒரு நைலெக்ஸ் சேலையின் ஊதாக் கரை, உக்காமல், இடிந்த பங்கர் மண்ணுக்குள் இப்போதும் தெரிகிறது.

அதே ஆண்டு மயிலிட்டியில் இருந்து இடம்பெயர்ந்து வந்த குடும்பங்கள் எங்கள் விறாந்தையில் மூலைக்கொரு அடுப்பு மூட்டின. அந்தக் கரி சுவரில் அப்படியே இருக்கிறது. மயிலிட்டித் துறைமுகப் பகுதி இராணுவத்திடமிருந்து விடுவிக்கப்பட்டதே 2017 இல்தான். மண்ணெண்ணெய்க்குத் தடை இருந்த அந்த நாட்களில் வெளிச்சத்துக்குக் கொஞ்ச எண்ணெயில் எரியும் ஜாம் போத்தல் விளக்கு. திண்ணையில் சைக்கிளைக் கவிழ்த்து வைத்துப் பெடலைச் சுற்றுவோம். டைனமோ மின்சாரத்தில் ரேடியோ பாடும், ஊரே கூடி நின்று செய்தி கேட்கும்.

இராணுவம் முன்னேறி வர, 1995 ஒக்டோபர் 30 இரவு, மழைக்குள், வலிகாமத்துச் சனம் முழுக்கக் கிழக்கே உள்ள தென்மராட்சிக்கு நடந்தது. மறு ஆண்டு திரும்பி வந்து பார்த்தால் ஓடு இல்லை, கதவு இல்லை, யன்னல் இல்லை. தூண்கள் மட்டும் நின்றன. இப்போதுள்ள கதவுகள் அப்புறம் வேறு பழைய வீட்டில் இருந்து வாங்கிப் போட்டவை. பழைய வீடுகளைப் பதிவு செய்ய அளக்க வருபவர் இதைக் கேட்காமல் போனால் வீட்டின் கதையையே பிழையாக எழுதிவிடுவார்.

கேட்டுச் சொல்லக்கூடிய பெரியவர்கள் குறைந்துகொண்டே வருகிறார்கள். வீடு கைமாறும் முன்பே சுவர், பங்கர், கிணற்றடி எல்லாவற்றையும் படம் எடுக்க வேண்டும். யார் யார் அங்கே தங்கினார்கள் என்று எழுதி வைக்கவும் வேண்டும். எங்கள் வீடும் தைப்பொங்கலுக்குப் பிறகு உடைபடப் போகிறது. அதற்குள் வந்து அளந்து, அம்மாவிடம் கதை கேட்க விரும்பும் பல்கலைக்கழக மாணவர்கள் யாராக இருந்தாலும் தாராளமாக வரட்டும். என் முகவரியைத் தங்கள் அலுவலகத்தில் கொடுத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
வாசகி ஒருவர், வலிகாமம்