மனு எழுதுவதும் தமிழ் ஆய்வுதான்: தமிழ்த்துறைகளுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய பல்கலைக்கழகத் தமிழ்த்துறைத் தலைவர்களுக்கும் ஆய்வு நெறியாளர்களுக்கும் வணக்கம்.

நான் புதுக்கோட்டை மாவட்டத்துக்காரி. தமிழில் எம்.ஏ. முடித்திருக்கிறேன். முனைவர் பட்டத்துக்கு நான் எடுத்துக்கொண்டுபோன தலைப்பு, கலெக்டர் அலுவலகத்துக்கு வரும் மனுக்களின் தமிழ். போன வருடம் ஒரு தமிழ்த்துறையில் நேர்காணலுக்குப் போனேன். கனிவாகத்தான் பேசினார்கள். "இது இலக்கியமும் இல்லை, இலக்கணமும் இல்லையேம்மா. வயதுவந்தோர் கல்வித் துறையில் கேட்டுப் பாரும்மா" என்றார்கள். சரி என்று அங்கே போனேன். "மொழிநடை ஆராய்ச்சி என்றால் தமிழ்த்துறைதான்" என்று திருப்பி அனுப்பினார்கள். அதனால்தான் உங்கள் எல்லோருக்கும் பொதுவாக எழுதுகிறேன்.

திங்கட்கிழமை குறைதீர் நாளில் எந்த கலெக்டர் அலுவலகத்துக்கு வேண்டுமானாலும் போய்ப் பாருங்கள். வாசலில் மனு எழுதுகிறவர் உட்கார்ந்திருப்பார். ஒரு பாட்டி வந்து கால் மணி நேரம் பேசுவார். கல்யாணமாகி வந்த கதையில் தொடங்கி, புருஷன் வெட்டிய கிணறு, மூத்த மகன் சொன்ன வார்த்தை, பட்டா கைமாறிய விதம் எல்லாம் வரும். நடுவில் அழுவார். எழுதுகிறவர் அதை ஒரே பக்கத்தில் அடக்கிவிடுவார். "பொருள்: பட்டா மாறுதல் தொடர்பாக." "மேற்படி முகவரியில் வசித்து வருகிறேன்." "மிகுந்த மன உளைச்சலுக்கு ஆளாகியுள்ளேன்." "ஆகவே சமூகம் அவர்கள் தயவுகூர்ந்து..." கிணறு போய்விடும். மகன் சொன்ன வார்த்தையும் போய்விடும். கணவர் இறந்ததும், வேறு ஆதரவு இல்லாததும் மட்டும் கட்டாயம் நிற்கும். எதை விட வேண்டும், எதை வைத்தால் அதிகாரி மனம் இளகும் என்று இவருக்கு யார் சொல்லிக்கொடுத்தது? அதிகாரியைக் குறிக்கும் இந்த "சமூகம்" எங்கிருந்து வந்தது? கேட்பவர் மனம் இளகும்படி சொல்லும் இந்தக் கலை சொல்லாட்சி இல்லை என்றால் எதைச் சொல்லாட்சி என்பது?

இந்தத் தலைப்பை எனக்குக் கொடுத்தது என் அம்மா. 1991-இல் எங்கள் மாவட்டத்தில், பெரியவர்களுக்கு எழுதப்படிக்கக் கற்றுக்கொடுக்கும் அறிவொளி இயக்கம் நடந்தது. அப்போது ஷீலா ராணி சுங்கத் கலெக்டராக இருந்தார். பெண்கள் எழுத்தோடு சைக்கிளும் கற்றுக்கொண்ட காலம் அது. அதுவரை கைநாட்டு வைத்துக்கொண்டிருந்த அம்மா அங்கேதான் பெயர் எழுதப் பழகினார். இன்றைக்கு பஸ் போர்டு படிப்பார், ரேஷன் கடைப் பலகை படிப்பார், அழுத்தமாகக் கையெழுத்துப் போடுவார். ஆனால் முதியோர் உதவித்தொகைக்கு மனு என்றால் என்னிடம் தாளை நீட்டுகிறார். "நீ எழுதும்மா, உனக்குத்தான் அந்தப் பாஷை வரும்." படிப்பது, பெயர் எழுதுவது, மனசில் இருப்பதை எழுதுவது, அதிகாரி காதில் ஏறும்படி எழுதுவது, இவை நான்கும் வேறு வேறு. எழுத்தறிவு என்று ஒரே சொல்லைப் போட்டு நாம் மூடிவிட்டோம். கணக்கெடுப்பு அம்மாவை எழுதப்படிக்கத் தெரிந்தவர் என்கிறது. அந்த நான்காவது எழுத்தை அவருக்கு யாரும் கற்றுத்தரவில்லை என்பது அதில் வராது.

வெளியிலிருந்து வந்தவர்களுக்கு இது ஆராய்ச்சிப் பொருளாகத் தெரிந்திருக்கிறது. எங்கள் மாவட்டத்து அறிவொளிப் பெண்களின் மனுக்களையும் கையெழுத்தையும் பற்றி பிரான்சிஸ் கோடி என்ற மானிடவியலாளர் 2009-இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். மதுரை மேடைப் பேச்சைப் பற்றி பெர்னார்ட் பேட் எழுதிய புத்தகமும் அதே ஆண்டில்தான் வந்தது. கிழக்கிந்தியக் கம்பெனி காலத்துக் கச்சேரி, அதாவது அரசு அலுவலக எழுத்தர்களைப் பற்றி பவானி ராமன் 2012-இல் எழுதினார். மூவர் மீதும் எனக்கு நன்றி உண்டு. ஆனால் மூன்றும் ஆங்கிலத்தில் எழுதப்பட்டவை, மானிடவியலையும் வரலாற்றையும் சேர்ந்தவை. அமெரிக்காவில் எழுத்து, சொல்லாட்சி, எழுத்தறிவு மூன்றையும் சேர்த்தே முனைவர் பட்டம் வாங்கலாம். கல்லூரி மாணவர்களுக்கு எழுதக் கற்றுக்கொடுத்த ஆசிரியர்கள் 1949-இல் தங்களுக்கென ஓர் அமைப்பு தொடங்கினார்கள். அந்த வகுப்பறைகளிலிருந்து வளர்ந்த துறை அது.

நமக்கு அந்த வேர் இன்னும் பழையது. நன்னூல் பாயிரத்தில் பத்துக் குற்றம், பத்து அழகு, முப்பத்திரண்டு உத்தி என்று வரிசையாகப் படித்தோமே. குன்றக் கூறல், மிகைபடக் கூறல், கூறியது கூறல், வெற்றெனத் தொடுத்தல். "சென்று தேய்ந்து இறுதல்" என்பதைவிடத் துல்லியமாக, தொடக்கத்தில் வேகமாகப் போய் முடிவில் சோர்ந்துபோகும் ஒரு கட்டுரையை யார் சொல்லிவிட முடியும்? ஆனால் இதை ஐந்து மதிப்பெண் கேள்விக்கு மனப்பாடம் செய்தோம். நம் கட்டுரையை எடுத்து வைத்து, இதில் எது மிகை, எது குன்றல் என்று பார்த்த ஒரு வகுப்புகூட எனக்கு வாய்க்கவில்லை. நன்னூல் எழுதிய பவணந்தியார் இதை எழுதுகிறவருக்குத்தானே சொன்னார்?

பல்கலைக்கழக மானியக் குழுவின் (யுஜிசி) 2022 விதிமுறைகள், முனைவர் பட்ட மாணவர்கள் தங்கள் பாடம் சார்ந்து கற்பித்தல், எழுதுதல் போன்றவற்றில் பயிற்சி பெற வேண்டும் என்கின்றன. வேறு துறையிலிருந்து இணை நெறியாளர் வைத்துக்கொள்ளவும் இடம் இருக்கிறது. அப்படியானால் தமிழ்த்துறை நெறியாளர் ஒருவரும் வயதுவந்தோர் கல்வித் துறையிலிருந்து ஒருவரும் சேர்ந்து என்னை வழிநடத்தலாம். நான் கேட்பது இதுதான். உங்கள் ஆய்வுப் பொருள் பட்டியலில் மனு, பள்ளிக் கட்டுரை, மேடைப் பேச்சு, சங்கத் தீர்மானம் எல்லாவற்றுக்கும் ஓர் இடம் கொடுங்கள். முனைவர் பட்ட முன்படிப்பில் நன்னூல் பாயிரத்தை வைத்து, மாணவர்கள் எழுதியதையே திருத்தும் ஒரு தாள் வையுங்கள்.

மனுக்காரர்களிடம் கேட்டு, சம்மதித்தவர்களின் மனுக்களை மட்டும், பெயரும் ஊரும் மறைத்து எடுத்துக்கொள்வேன். எழுதுகிறவரிடமும் பேசிவிட்டேன். "என் எழுத்தைப் படிக்கவா இவ்வளவு தூரம்?" என்று கேட்டுவிட்டு, பக்கத்தில் ஒரு ஸ்டூல் போட்டுத் தந்தார்.

அடுத்த சேர்க்கைக்கும் இதே தலைப்போடுதான் விண்ணப்பிப்பேன்.

இப்படிக்கு,
தமிழ் முதுகலை முடித்த ஒரு மாணவி,
புதுக்கோட்டை மாவட்டம்.