மீன் மாதிரி எடுக்க வந்தவர்களுக்கு, பெரியகுளம் சந்தையிலிருந்து

மதிப்பிற்குரிய அதிகாரிகளுக்கு,

வணக்கம். கொடைக்கானலில் முன்பு பாதரச வெப்பமானி செய்யும் ஆலை இருந்ததால், மலையிலும் அடிவாரத்திலும் மீனில் பாதரசம் எவ்வளவு இருக்கிறது என்று சோதித்து, எந்த மீனை எவ்வளவு சாப்பிடலாம் என்று சொல்லப்போவதாக அறிந்தேன். சந்தோஷம். ஆனால் போன வாரம் உங்கள் ஆட்கள் இருவர் என் கடைக்கு வந்து, மூன்று கிலோ கட்லாவை வெட்டச் சொல்லி ஒரே பையில் போட்டுக்கொண்டு போனார்கள். நீளம் அளக்கவில்லை. எந்தத் தண்ணீரில் பிடித்தது என்று கேட்கவில்லை. நானாகத்தான் சொன்னேன், "சார், இது ஆந்திராலருந்து ஐஸ் பெட்டில வந்த வளர்ப்பு மீனு." "பரவால்லம்மா, மீனுதானே" என்றார்கள்.

அந்த மீன் நம் மலைத் தண்ணீரைக் கண்டதே இல்லை. அதைச் சோதித்துவிட்டு "இங்கே பாதிப்பில்லை" என்று எழுதினால், அந்தக் காகிதத்தை நம்பிச் சாப்பிடப்போவது என்னிடம் மீன் வாங்குகிறவர்கள்.

வாராவாரம் வரும் பெண் ஒருத்திக்கு இப்போது ஐந்தாம் மாதம். "அக்கா, விரால் எடுக்கலாமா? நல்லதுங்கறாங்க, கெட்டதுங்கறாங்க" என்று கேட்டாள். இருபது வருஷமாகத் தராசு பிடிக்கிறேன்; செவுளைத் தூக்கிப் பார்த்தே எத்தனை நாள் மீன் என்று சொல்வேன். இதற்கு எனக்குப் பதில் இல்லை. மீனில் சேர்ந்த பாதரசத்துக்கு வாடை கிடையாது, நிறம் கிடையாது. தோலை உரித்தாலும் கொழுப்பை வெட்டினாலும் கொதிக்க வைத்தாலும் போகாது, சதையிலேயே ஒட்டியிருக்கும். தாய் சாப்பிட்டால் வயிற்றுப் பிள்ளையின் மூளை வரைக்கும் போகும். அவள் அன்றைக்கு முருங்கைக்காய் மட்டும் வாங்கிக்கொண்டு போனாள்.

"வரம்புக்குள் இருக்கிறது" என்ற ஒரு வரி அவளுக்குப் போதாது. சாதாரண மீனுக்கு நம் நாட்டு விதி கிலோவுக்கு 0.5 மில்லிகிராம், அதாவது 500 மைக்ரோகிராம், பாதரசம் வரை அனுமதிக்கிறது. பாதரசத்தில் மெத்தில் பாதரசம் என்ற வகை உடல் எடையில் கிலோவுக்கு வாரம் 1.6 மைக்ரோகிராமுக்கு மேல் போகக்கூடாது என்பது உலக அளவில் நிபுணர் குழு வைத்த கணக்கு. மீனில் இருப்பது பெரும்பாலும் அந்த வகைதான். அப்படியானால் ஐம்பது கிலோ எடையுள்ள பெண்ணுக்கு வாரம் 80 மைக்ரோகிராம். வரம்பைத் தொட்டு நிற்கும் மீனில் அது 160 கிராம்தான், குழம்பில் இரண்டு துண்டு. சட்டப்படி விற்கலாம் என்பது ஒன்று, அவள் எத்தனை துண்டு சாப்பிடலாம் என்பது வேறு. எங்களுக்கு வேண்டியது இரண்டாவது.

அதனால் கேட்கிறேன், மீன் வாரியாக, அளவு வாரியாக, தண்ணீர் வாரியாக எடுங்கள். விரால் மற்ற மீனைத் தின்னும் மீன். வயசு ஏற ஏறப் பாதரசம் அதில் சேரும். கால் கிலோ விராலையும் ஒன்றரைக் கிலோ விராலையும் ஒன்றாக அரைத்தால் பெரியதில் இருப்பது சராசரியில் மறைந்துவிடும். கண்மாயில் குஞ்சு விட்டு அந்த வருஷமே பிடிக்கும் ரோகு வேறு, கொடை ஏரியில் பல வருஷம் கிடந்த கெண்டை வேறு. அயிரையை நாங்கள் முழுசாகத்தான் குழம்பு வைக்கிறோம். அதை முழுசாகவே சோதியுங்கள். மலைத் தண்ணீர் எட்டாத ஒரு கண்மாயிலும் எடுத்தால்தான் ஒப்பிட்டுப் பார்க்க முடியும்.

பழைய கதை உங்களுக்குத் தெரியும். வெப்பமானி ஆலை 2001ல் மூடப்பட்டது. 2003ல் ஏறத்தாழ 290 டன் பாதரசக் கழிவு கப்பலேறி அமெரிக்கா போனது. மூடி நாலு வருஷம் கழித்தும் கொடை ஏரித் தண்ணீரில் பாதரசம் கூடுதலாக இருந்ததாக ஆய்வாளர்கள் எழுதினார்கள். ஆலைக்குக் கீழே பாம்பாற்றுச் சோலை; அந்தப் பாம்பாற்றுத் தண்ணீர்தான் எங்கள் பக்கம் கும்பக்கரை அருவியாக விழுகிறது. ஆலை மூடியபோது பிறந்த பிள்ளைகள் இப்போது பிள்ளை பெறுகிறார்கள். அவர்களுக்கு இன்னும் ஒரு மீன் பட்டியல் கிடைக்கவில்லை. குடிதண்ணீருக்கும் இப்படித்தான், பட்டாவுக்கும் இப்படித்தான், கேட்டுக் கேட்டு வாய் ஓய்ந்த பிறகுதான் யாராவது வருகிறார்கள். வந்தவர்களும் கடைத்துண்டை வாங்கிப் போனால் வயிறு எரிகிறது.

கோபத்தில் கூடுதலாக எழுதியிருந்தால் மன்னிக்கவும். எங்கள் மீன் விஷம் என்று நான் சொல்லவில்லை. "விஷ மீன்" என்று ஒரு செய்தி வந்தால் முதலில் அடுப்பு அணைவது என் வீட்டில்தான். ஏழை வீட்டில் பிள்ளைக்குக் கிடைக்கும் சத்தும் இந்த மீன்தான். அதனால்தான் எது கூடாது என்பதோடு, எதைத் தாராளமாகச் சாப்பிடலாம் என்பதையும் எழுதச் சொல்கிறேன். மீன் பெயர், அளவு, வாரத்துக்கு எத்தனை துண்டு, கர்ப்பிணிக்கு எவ்வளவு, சின்னப் பிள்ளைக்கு எவ்வளவு. தமிழில், பெரிய எழுத்தில், சந்தை வாசலில்.

தயவுசெய்து இன்னொரு முறை வாருங்கள். விடியற்காலை நாலு மணிக்கு வந்தால் எந்தக் கூடை எந்தக் கண்மாய் என்று நானே காட்டுகிறேன். வெட்டாமல் முழு மீனாக, நீளமும் எடையும் குறித்து, தனித்தனியாகக் கட்டித் தருகிறேன். காசு வேண்டாம்.

இப்படிக்கு,
பெரியகுளம் சந்தையில் மீன் விற்கும் ஒரு பெண்