தொப்பி போட்ட போட்டோ

அன்பு மகள் கோமதிக்கு,

அம்மா எழுதுவது. இங்கே அப்பா, தம்பி, நான் எல்லாரும் சுகம். போனில் பேசினால் “குக்கர் விசில் வந்துட்டும்மா” என்று வைத்துவிடுகிறாய். வாட்ஸ்அப்பில் கேட்டால் இரண்டு நீலக் கோடு விழுகிறது, பதில் வருவதில்லை. அதனால்தான் காகிதத்தை எடுத்தேன். கடிதத்தை நடுவில் வைத்துவிட முடியாது பார்.

கொல்லைத் தென்னையில் காய் பறித்தாயிற்று. தம்பிக்கு இன்னும் இரண்டு பரீட்சை பாக்கி. அப்பாவுக்குச் சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது.

நீ அனுப்பிய போட்டோ எல்லாவற்றிலும் பிள்ளை தொப்பியோடு இருக்கிறான். மே மாசத்தில் புனேயில் எதற்குக் கம்பளித் தொப்பி என்று அப்பா கேட்டார்கள். ஏ.சி. போட்டிருப்பாள் என்று சொல்லிவைத்தேன். நான் உன்னிடம் எதுவும் கேட்கவில்லை. ஏழு மாசப் பிள்ளை இருக்கிற வீட்டில் பொதுவாகத் தெரிந்திருக்க வேண்டியதை எழுதுகிறேன், அவ்வளவுதான். குழந்தைகள் வார்டில் வேலை பார்த்தவள், வேறு எதை எழுதுவேன்.

ஏழு மாசத்தில் பிள்ளைகள் கட்டிலிலிருந்து விழும். நேற்றுவரை அரைக்குப்புற விழுந்து கிடந்தது, இன்றைக்கு முழுசாக இரண்டு சுற்றுப் புரளும். முன்கூட்டிச் சொல்லிவிட்டுச் செய்யாது. விழுந்து நெற்றியில் புடைத்துவிட்டால் சுத்தமான துணியில் ஐஸைச் சுற்றிப் பத்து நிமிஷம் லேசாக ஒத்து. தேய்க்காதே. தேய்த்தால் உள்ளே ரத்தக்கசிவு கூடும். உங்கள் அத்தையோ பக்கத்து வீட்டுப் பாட்டியோ உரம் விழுந்திருக்கிறது என்று சேலையில் போட்டு உருட்ட வந்தால், கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை, கொடுக்காதே. தலையில் அடிபட்ட பிள்ளையைக் குலுக்கவே கூடாது. திருநீறு பூசட்டும், சுற்றிப் போடட்டும், அதில் ஒரு கெடுதலும் இல்லை.

எந்த அடிக்கு ஆஸ்பத்திரி, எதற்கு வீட்டில் வைத்துப் பார்த்தால் போதும் என்பதற்குக் கணக்கு இருக்கிறது. 2009இல் வட அமெரிக்காவில் தலையில் அடிபட்டு வந்த 42,000 குழந்தைகளுக்கு மேல் பார்த்து ஒரு விதி எழுதினார்கள். பெக்கார்ன் விதி என்று டாக்டர்கள் சொல்வார்கள். இரண்டு வயதுக்கு உட்பட்ட பிள்ளைக்கு ஆறு விஷயம் பார்ப்பார்கள். பிள்ளை சோர்ந்து மயங்கினாற்போல் இருக்கிறதா, மண்டை ஓட்டில் தடவினால் விரிசலோ பள்ளமோ தட்டுப்படுகிறதா, புடைப்பு நெற்றியில் இல்லாமல் பக்கவாட்டிலோ பின்மண்டையிலோ இருக்கிறதா, விழுந்ததும் 5 நொடியாவது நினைவு தப்பியதா, 3 அடிக்கு மேலிருந்து விழுந்ததா என்பது போன்ற பலத்த அடியா. இது ஐந்து. ஆறாவது, “பிள்ளை வழக்கம்போல் இல்லை” என்று பெற்றவர்கள் சொல்கிறார்களா. நன்றாகப் படி. பெற்றவளின் வாய்ச்சொல் அந்த விதியில் ஓர் அளவுகோலாகவே இருக்கிறது. ஆறும் இல்லையென்றால் மூளையில் ஆபத்தான காயம் இருப்பது மிக மிக அரிது, சி.டி. ஸ்கேனும் பொதுவாக எடுக்கமாட்டார்கள். கதிர்வீச்சைச் சும்மா கொடுப்பானேன். “ஸ்கேன்கூட எடுக்கலை” என்று டாக்டரைக் குறை சொல்லாதே.

உங்கள் கட்டில் மெத்தையோடு சேர்த்து இரண்டடி வரும். சாப்பாட்டு மேஜை இரண்டரை அடி. நின்றுகொண்டு தோளில் போட்டிருக்கும்போது நழுவினால் 3 அடியைத் தாண்டிவிடும். அதனால் டாக்டர் உயரம் கேட்கும்போது உள்ளதைச் சொல்ல வேண்டும். வார்டில் எத்தனை தாய்மார் “தானா வீங்கிடுச்சு சிஸ்டர்” என்பார்கள். மாமியார் பக்கத்தில் நிற்பார், அதனால். டாக்டருக்கு வேண்டியது இவ்வளவுதான்: எத்தனை மணிக்கு, எவ்வளவு உயரத்திலிருந்து, டைல்ஸிலா பாயிலா, உடனே அழுதானா, எத்தனை தடவை வாந்தி, அதற்குப் பிறகு பால் குடித்தானா. ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதிக் கொண்டுபோய்க் கொடு. மறைத்தால் இரண்டு கெடுதல். பார்க்க வேண்டியதைப் பார்க்காமல் விட்டுவிடுவார்கள். சொல்கிற கதைக்கும் காயத்துக்கும் பொருந்தாவிட்டால், யாராவது அடித்தார்களா என்று சந்தேகப்படவும் அவர்களுக்குக் கடமை இருக்கிறது. ஏழு மாசப் பிள்ளை கட்டிலிலிருந்து உருண்டு விழுந்தது என்றால் எந்த டாக்டரும் புருவத்தைத் தூக்கமாட்டார்.

அடிபட்ட பிள்ளையைத் தூங்க விடக்கூடாது என்று சொல்வார்கள், அது தப்பு. வழக்கமான நேரத்துக்குத் தூங்கட்டும். சந்தேகம் இருந்தால் நடுவில் கன்னத்தைத் தொட்டுப் பார், சிணுங்கித் திரும்பிப் படுத்தால் போதும். எழுப்பியும் எழவில்லை, திரும்பத் திரும்ப வாந்தி, வலிப்பு, எதற்கும் அடங்காத அழுகை, உச்சிக்குழி விம்மி நிற்பது, காதிலோ மூக்கிலோ ரத்தமோ தெளிந்த நீரோ வருவது, ஒரு கையோ காலோ அசைக்காமல் வைத்திருப்பது, மெத்தென்று அமுங்குகிற புடைப்பு: இதில் ஏதாவது ஒன்று இருந்தால் யோசிக்காமல் 108. அங்கேயும் அதே நம்பர்தான். முக்கியமாக முதல் 24 மணி நேரம் பார்க்க வேண்டும், இரண்டு நாள் பார்த்தால் இன்னும் நல்லது. அது தாண்டி நன்றாக விளையாடுகிறான் என்றால் அந்த அத்தியாயம் முடிந்தது. புடைப்பு மட்டும் நீலம், பச்சை, மஞ்சள் என்று நிறம் மாறி ஒன்றிரண்டு வாரத்தில் வடியும். அதுவரை தொப்பி வேண்டியதில்லை. வேர்த்துத் தலையில் வேர்க்குருதான் வரும்.

கட்டிலைச் சுற்றித் தலையணை அடுக்கி வைத்தால் பிள்ளை விழாது என்று நினைக்காதே. அதன் மேல் ஏறி இன்னும் அரையடி கூடுதலாக விழும். இல்லாவிட்டால் முகம் புதைந்து மூச்சு முட்டும். மெத்தையைத் தரையில் போடு. சுவரோடு சந்து விடாதே, தலை மாட்டிக்கொள்ளும். டயப்பர் மாற்றுவதும் தரையில்தான். டயப்பர், பஞ்சு, துண்டு எல்லாவற்றையும் முதலில் எடுத்து வைத்துக்கொள், பிள்ளையைக் கடைசியில் கிடத்து. பாதியில் காலிங் பெல் அடித்தால் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போ. கூரியர்காரன் அரை நிமிஷம் நின்றால் குடி முழுகிவிடாது.

இன்னும் ஒரு மாசத்தில் தவழுவான், அப்புறம் பிடித்துக்கொண்டு நிற்பான். அன்றைக்குக் கட்டில் பெரிய எதிரி இல்லை, பாத்ரூம் பக்கெட்தான் எதிரி. இரண்டு அங்குலத் தண்ணீர் போதும். அந்த வயசுப் பிள்ளைக்குத் தலைதான் பாரம். எட்டிப் பார்த்துக் கவிழ்ந்தால் கையை ஊன்றித் தலையைத் தூக்கத் தெம்பு இருக்காது. தண்ணீர் நிறைந்த பக்கெட் சாயவும் சாயாது. சத்தமும் வராது. “கத்தினால் கேட்டிருக்குமே” என்று எல்லாரும் சொல்வார்கள். வாய் தண்ணீருக்குள் இருக்கும்போது எப்படிக் கத்தும்? குளித்து முடித்ததும் பக்கெட்டைக் கவிழ்த்து வை. கதவுக்கு வெளியே மேல்பக்கம் ஒரு தாழ்ப்பாள் போடு, ஆசாரியைக் கூப்பிட்டால் பத்து நிமிஷ வேலை. காலையில் மட்டும் தண்ணீர் விடுகிறார்கள் என்று டிரம்மில் பிடித்து வைக்கிறாய், அதற்கு இறுக்கமான மூடி வேண்டும். நம் வீட்டுக் கிணற்றடி விஷயம் உனக்குத் தெரியும். பெரியாச்சி கடைசிவரை அந்தப் பக்கம் போகவில்லை. அதை எழுத வேண்டாம்.

சுடுதண்ணீர், சாம்பார் கொட்டினால் குழாய்த் தண்ணீரில் 20 நிமிஷம். ஐஸ் வேண்டாம், பேஸ்ட் வேண்டாம், இட்லி மாவு வேண்டவே வேண்டாம்.

“நீங்க மட்டும் எப்படிம்மா எங்களைக் கண்கொத்திப் பாம்பா பார்த்து வளர்த்தீங்க” என்று தீபாவளிக்குக் கேட்டாய். உங்கள் அத்தையும் “நாங்க எட்டுப் பெத்தோம், ஒண்ணையாவது கீழே போட்டோமா” என்று சொல்லியிருப்பார்கள். அந்தக் காலத்தில் கட்டில் ஏது? எல்லாரும் பாயில் கிடந்தோம். பாயிலிருந்து எங்கே விழுவது? அது கவனம் இல்லை, தரை. பிள்ளையைப் பார்க்க வீட்டில் நாலு பேர் இருந்ததும் பாதிதான் லாபம். அவள் பார்க்கிறாள் என்று இவளும், இவள் பார்க்கிறாள் என்று அவளும் இருந்த நேரத்தில் போன பிள்ளைகள் ஊருக்கு ஊர் உண்டு. அதனால் மாப்பிள்ளையிடம் பிள்ளையைக் கொடுக்கும்போது “இப்ப உங்க பொறுப்பு” என்று சொல், அவர் “சரி” என்று வாய்விட்டுச் சொன்ன பிறகு கையை எடு. போனைப் பார்த்துக்கொண்டே தலையாட்டினால் அது கணக்கில் இல்லை. கல்யாண வீட்டில் இது இன்னும் முக்கியம்.

மனுஷக் கண்ணுக்கு ஓர் அளவு உண்டு, கோமு. நார்மன் மாக்வொர்த் என்று ஒருவர், போர்க்காலத்தில் ரேடார் திரை பார்ப்பவர்கள் ஏன் தவறவிடுகிறார்கள் என்று கண்டுபிடிக்க ஒரு கடிகார முள்ளை வெறுமனே பார்க்கச் சொல்லிச் சோதித்தார். 1948இல் அதை வெளியிட்டார். முள் எப்போதாவது ஒரு தடவை இரண்டு பங்கு குதிக்கும், அதைச் சொன்னால் போதும். வாலிபப் பிள்ளைகளே அரை மணி நேரத்தில் தவறவிட ஆரம்பித்துவிட்டார்கள். அவர்கள் ராத்திரி மூன்று தடவை எழுந்து பால் கொடுத்தவர்கள் இல்லை. ஒன்றும் நடக்காத இடத்தையே பார்த்துக்கொண்டிருக்கக் கண்ணால் முடியாது. அதனால்தான் தாழ்ப்பாள், தரை, கவிழ்த்த பக்கெட் எல்லாம். நீ பார்க்காத நிமிஷத்துக்கும் சேர்த்து வீடு பார்த்துக்கொள்ள வேண்டும்.

குற்ற உணர்ச்சி பிள்ளைக்குக் காவல் என்று நினைக்காதே. அது ராத்திரி உன்னைத் தூங்க விடாது, மறுநாள் பகல் பதினோரு மணிக்குக் கண் சொக்கும், அடுத்தது அப்போதுதான் நடக்கும். பிள்ளை தூங்கும்போதும் நீ முழித்துக்கொண்டு மூக்கில் கை வைத்துப் பார்க்கிறாயா? யார் கையிலும் கொடுக்கப் பயமாக இருக்கிறதா? இல்லை, நீ தூக்கவே பயமாக இருக்கிறதா? பிரசவமான பெண்களின் மனசைப் பார்க்க எடின்பரோ அளவை என்று 10 கேள்வி உண்டு, 1987இல் வந்தது, தமிழிலும் இருக்கிறது. அதில் மூன்றாவது கேள்வியே, தேவையில்லாமல் உன்மேலேயே பழி போட்டுக்கொள்கிறாயா என்பதுதான். மொத்தம் 30 மார்க், 10 அல்லது அதற்கு மேல் வந்தால் டாக்டரைப் பார்க்க வேண்டும். பள்ளிக்கூடத்தில் மாதிரி நல்ல மார்க் வாங்குவதற்காகப் பொய்யாக எழுதாதே. கடைசிக் கேள்வி தன்னையே ஏதாவது செய்துகொள்ளத் தோன்றுகிறதா என்பது. அதற்கு “எப்போதாவது” என்று வந்தால்கூட மார்க்கைக் கூட்டிக்கொண்டிருக்காமல் அன்றைக்கே சொல்லிவிட வேண்டும். மாப்பிள்ளையிடம், என்னிடம், யாரிடமாவது. 14416 என்ற டெலிமானஸ் மனநல உதவி நம்பரில் தமிழிலும் பேசுவார்கள். பிள்ளை பிறந்து ஏழு மாசம் ஆயிற்றே என்று நினைக்காதே, முதல் வருஷம் முழுக்க இது வரும்.

ஆபீஸில் முப்பது பேரை வைத்து வேலை வாங்குகிறாய், உன் கணக்கில் ஒரு பைசா தப்பாது என்று அப்பா ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிறார்கள். எனக்கும் பெருமைதான். ஆனால் அப்பா வழி ரோஷமும் சேர்ந்து வந்திருக்கிறது உனக்கு. தப்பு நடந்தால் சரிசெய்து முடித்த பிறகுதான் வீட்டுக்குத் தெரிய வேண்டும் உனக்கு. பிள்ளை விஷயத்தில் அது வேண்டாம். டாக்டரிடம் மறைக்காதே. இதை முன்னேயே எழுதிவிட்டேன், தெரியும். மறுபடியும் எழுதுகிறேன்.

தம்பியை விட்டு ரயில் டிக்கெட் பார்க்கச் சொன்னேன். வருகிற இருபதாம் தேதிக்கு ஆர்.ஏ.சி. கிடைத்திருக்கிறது. அப்பாவுக்குப் பத்து நாள் சமையலுக்குச் சித்தி வருகிறாள். வர வேண்டாம் என்றால் போனில் சொல், கடிதத்தில் எழுதாதே. போனில் உன் குரலைக் கேட்டுவிட்டு நானே முடிவு செய்துகொள்கிறேன்.

அன்புடன்,
அம்மா

பி.கு.: பாராசிட்டமால் சொட்டு மருந்தில் 1 மில்லியில் 100 மில்லிகிராம். சிரப்பில் 5 மில்லியில் 120, இன்னொன்றில் 250. 120 சிரப்பின் அளவுக்குச் சொட்டு மருந்தைக் கொடுத்தால் நாலு பங்குக்கு மேல் போய்விடும். மாப்பிள்ளை கடைக்குப் போனால் பழைய பாட்டிலைக் கையில் கொண்டு போகச் சொல். கொடுத்த நேரத்தைக் காலண்டரில் எழுது, நீ கொடுத்தது தெரியாமல் உங்கள் அத்தையும் கொடுத்துவிடுவார்கள்.