தொட்டியில் சீமை அத்தி

அன்புள்ள நண்பருக்கு,

வணக்கம். உங்கள் கடிதம் கிடைத்தது; புது வீட்டில் நலமாகக் குடியேறியது அறிந்து மகிழ்ந்தேன். பனி உறையும் ஊரில், சிறிய முற்றத்தில் சீமை அத்தி வளருமா என்று கேட்டிருந்தீர்கள். தாராளமாக வளரும், ஆனால் ரகத்தைப் பார்த்து வாங்க வேண்டும்.

அத்தி, சென்ற ஆண்டுக் கிளையில் கோடைத் தொடக்கத்திலும், அவ்வாண்டே துளிர்த்த கிளையில் கோடையின் பிற்பகுதி முதலும் காய்க்கக்கூடியது. கடுங்குளிரில் பழைய கிளைகள் கருகிப் போனாலும் வேர் பிழைத்து அடியிலிருந்து துளிர்க்குமாதலால், புதுத் துளிரிலேயே நன்கு காய்க்கும் ரகம்தான் உங்களுக்கு ஏற்றது. என்னிடமுள்ள 'சிகாகோ ஹார்டி' அத்தகையது; இவ்வாண்டும் நன்றாகக் காய்த்தது. இடம் மிகக் குறைவென்றால் 'லிட்டில் மிஸ் ஃபிக்கி' என்னும் குட்டை ரகத்தைப் பாருங்கள். இவை மகரந்தச் சேர்க்கை இல்லாமலே பழுக்கும். 'ஸ்மிர்னா' வகை மட்டும் வேண்டாம், அதற்கு மகரந்தம் சேர்க்கும் சிறு குளவி இல்லாவிட்டால் அதன் பிஞ்சுகள் உதிர்ந்துவிடும்.

தொட்டியில் வேர் சற்று நெருக்குண்டால் மரம் தழைப்பதைக் குறைத்துக் காய்ப்பில் இறங்கும். தழைச்சத்தை அள்ளிப் போட்டால் இலைதான் மிஞ்சும். வெயில் நாளொன்றுக்கு 6 முதல் 8 மணி நேரம் வேண்டும். கோடையில் நீர் தவறவே கூடாது. புதுக் கிளையில் ஐந்தாறு இலைகள் வந்ததும் நுனியைக் கிள்ளிவிடுங்கள்.

குளிர்காலம்தான் உண்மையான சோதனை. நிலத்து வேருக்கு மண் காப்பாகும். தொட்டி வேருக்கோ எல்லாப் பக்கமும் குளிர் ஏறும். ஆகவே இலை முழுதும் உதிர்ந்தபின், சூடேற்றாத கொட்டகையிலோ வண்டி நிறுத்தும் அறையிலோ வைத்துவிடுங்கள். உறங்கும் மரத்துக்கு வெளிச்சம் தேவையில்லை; மண் அறவே காயாதபடி எப்போதாவது சிறிது நீர் போதும். கதகதப்பான அறைக்குள் மட்டும் கொண்டுபோகாதீர்கள், காலம் தவறித் துளிர்த்து நலிந்துவிடும்.

பறிப்பதில் பொறுமை காட்டுங்கள். பறித்தபின் அத்தி இனிப்பேறாது. காம்பருகே கழுத்து தளர்ந்து பழம் தொங்க வேண்டும். சில நாள் பழத்தின் அடியிலுள்ள சிறு துளையில் தேன்போல் ஒரு சொட்டும் திரண்டிருக்கும். கிளையை வெட்டும்போது வடியும் பால், வெயிலில் தோலைப் புண்ணாக்கும் என்பதால் கையுறை அவசியம்.

குளிர்காலக் கடைசியில் கவாத்து செய்யும்போது பென்சில் பருமனுள்ள போத்துகளை, அதாவது நடுவதற்கான கிளைத்துண்டுகளை, உங்களுக்காக எடுத்து, ஈரத்துணியில் சுற்றி அனுப்புகிறேன். அவை எளிதில் வேர்பிடிக்கும். அதற்குள் நீர் நன்கு வடியும் மண்கலவையைத் தயார் செய்து வையுங்கள்.

அன்புடன்,
உங்கள் நண்பன்