அம்மா வெளியே போன இரண்டு நிமிடம்

கும்பகோணம்

அன்புத் தோழிக்கு,

உன் கடிதம் செவ்வாய்க்கிழமை வந்து சேர்ந்தது. உன் அம்மாவின் முழங்கால் வலி குறைந்திருப்பது நிம்மதியாக இருக்கிறது. வளைகாப்பு முடிந்து நான் இங்கே வந்து ஏழு வாரம் ஆகிறது. இப்போது 37-ஆவது வாரம் நடக்கிறது. மாலையில் கால் வீங்குவதைத் தவிர வேறு தொந்தரவு இல்லை.

கர்ப்பமாக இருக்கும் உன் தங்கையைப் பற்றி எழுதியிருந்த பக்கத்தை மட்டும் இரண்டு முறை படித்தேன். அவள் கணவருக்குத்தான் ஹெர்பிஸ் (உறவின் மூலம் பரவி, பிறப்புறுப்பில் கொப்புளம் வரவைக்கும் கிருமித் தொற்று) இருக்கிறது, அவளுக்கு இதுவரை ஒன்றும் வந்ததில்லை, ஆகவே என்னைப் போல் அவள் பயப்பட வேண்டியதில்லை என்று எழுதியிருந்தாய். நீ இப்படி நினைத்ததில் தவறில்லை, நானும் முன்பு அப்படித்தான் நினைத்திருந்தேன். ஆனால் பிரசவம் நெருங்கும் நேரத்தில் எங்கள் இருவரில் கூடுதல் கவனம் தேவைப்படுவது அவளுக்குத்தான் என்பதை இங்குள்ள மருத்துவர் எனக்குப் புரியவைத்தார். அதற்காகவே இன்று உட்கார்ந்து எழுதுகிறேன்.

எனக்கு இது வந்து ஏழு ஆண்டுகள் ஆகின்றன. திருமணமான முதல் ஆண்டில், காய்ச்சலும் எரிச்சலுமாக உட்காரவும் முடியாமல் இருந்த என்னை மருத்துவமனைக்கு அழைத்துக்கொண்டு போனவள் நீதான். அங்கே ஒரு செவிலியர் கூடம் முழுவதும் கேட்கும்படி என்ன நோய் என்று கேட்டதும், நீ எழுந்து என்னை மறைத்தாற்போல் நின்றதும் எனக்கு இன்னும் மறக்கவில்லை. அன்றிலிருந்து என் இரத்தம் இந்தக் கிருமிக்கு எதிரான எதிர்ப்புப் பொருள்களை உண்டாக்கி வைத்திருக்கிறது. அவை நஞ்சுக்கொடி வழியாகக் குழந்தைக்கும் போய்ச் சேர்கின்றன. அதனால் என்னைப் போன்ற பழைய நோயாளிகளுக்குப் பிறக்கும் குழந்தைகளில் இது தொற்றுவது நூற்றில் ஒன்றுக்கும் குறைவு. கர்ப்பத்தின் கடைசி வாரங்களில் முதன்முறையாகத் தொற்று வரும் பெண்ணுக்கோ அந்த எதிர்ப்புச் சக்தி உருவாகவும், உருவானது குழந்தைக்குப் போகவும் அவகாசம் இருக்காது. அந்த நிலையில் சுகப்பிரசவமானால் நூற்றில் முப்பது முதல் ஐம்பது குழந்தைகளுக்குத் தொற்றலாம். அவள் இப்போது ஏழாம் மாதத்தில் இருக்கிறாள் என்கிறாய்; ஆகவே இனி வரும் மாதங்கள்தாம் முக்கியம்.

அவளுக்கு உண்மையிலேயே தொற்று இல்லையா என்பதே இன்னும் உறுதியாகத் தெரியாது. ஹெர்பிஸ் உள்ளவர்களில் பெரும்பாலோருக்கு அது இருப்பதே தெரியாது. என் கணவருக்கும் ஒரு கொப்புளம்கூட வந்ததாக நினைவில்லை. பெரும்பாலும் உதட்டில் வருவது, பிறப்புறுப்பில் வருவது என்று கிருமியின் இரண்டு வகைகளையும் பிரித்துக் காட்டும் இரத்தப் பரிசோதனை உண்டு. அதை எடுத்துப் பார்க்கலாமா என்று அவள் தன் மருத்துவரிடம் கேட்கட்டும். தொற்று இல்லை என்றால் பிரசவம் வரை இருவரும் உறவைத் தவிர்ப்பதே நல்லது. ஆணுறை ஆபத்தைக் குறைக்குமே தவிர முழுவதும் தடுக்காது. உதட்டில் கொப்புளம் வரும் வழக்கம் அவள் கணவருக்கு இருந்தால் வாய்வழி உறவும் கூடாது, ஏனென்றால் உதட்டில் இருக்கும் வகையும் பிறப்புறுப்பில் தொற்றக்கூடியது. அவளுக்குக் காய்ச்சலோ, கொப்புளமோ, சிறுநீர் கழிக்கையில் எரிச்சலோ வந்தால், அடுத்த செக்கப் வரட்டும் என்று இருக்காமல் அன்றைக்கே போக வேண்டும். கடைசி மூன்று மாதத்தில் முதல் தொற்று என்று தெரிந்தால் உடனே மாத்திரை தொடங்குவார்கள். பெரும்பாலும் சிசேரியனைத்தான் பரிந்துரைப்பார்கள்.

என் விஷயத்தில் கடினமாக இருந்தது நோயைவிட ஊர் மாறியதுதான். தலைப்பிரசவம் தாய்வீட்டில் என்று வந்துவிட்டோம். சென்னையில் என்னைப் பார்த்த மருத்துவருக்கு எல்லாம் தெரியும், இங்கே இருப்பவருக்கு ஒன்றும் தெரியாது. பழைய ஃபைலில் ஸ்கேனும் இரத்தப் பரிசோதனையும் இருந்தன. இதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. அதோடு ஒவ்வொரு முறையும் அம்மா என் பக்கத்து நாற்காலியிலேயே உட்கார்ந்திருப்பார். இரண்டு செக்கப்பில் சொல்ல வாயெடுத்து, சொல்லாமலே திரும்பினேன். மூன்றாவது முறை, "டாக்டர், உங்களிடம் இரண்டு நிமிடம் தனியாகப் பேச வேண்டும்" என்று சொல்லிவிட்டேன். அவர் ஏன் என்று கேட்கவில்லை. சிறுநீர்ப் பரிசோதனை முடிவை வாங்கி வரும்படி அம்மாவைச் செவிலியரோடு அனுப்பினார். கதவு சாத்தியதும், முதலில் எப்போது வந்தது, வருடத்திற்கு எத்தனை முறை வருகிறது, கடைசியாக எப்போது, எந்த இடத்தில் என்று வரிசையாகக் கேட்டு, ஃபைலின் முதல் பக்கத்திலேயே எழுதிச் சிவப்பு மையில் கட்டம் போட்டார். பிரசவ நேரத்தில் தான் ஊரில் இல்லாவிட்டாலும் பார்க்கிறவர் கண்ணில் அது பட வேண்டும் என்றார். இத்தனை நாள் எதற்காக நடுங்கினேன் என்று எனக்கு அழுகையே வந்துவிட்டது.

36-ஆவது வாரம் தொடங்கியதிலிருந்து இந்தக் கிருமியை அடக்கும் அசைக்ளோவிர் மாத்திரை 400 மில்லிகிராம், நாளைக்கு மூன்று வேளை சாப்பிடுகிறேன். பிரசவம் வரை தொடர வேண்டும். வலி எடுக்கும் நேரத்தில் கொப்புளம் இருப்பதற்கான வாய்ப்பை இது வெகுவாகக் குறைக்கிறது, ஆனாலும் முழு உத்தரவாதம் இல்லை. ஆகவே வலி எடுத்து மருத்துவமனைக்குப் போனதும் நல்ல வெளிச்சத்தில் பரிசோதிப்பார்கள். புண்ணோ, எனக்கு வழக்கமாக முன்கூட்டி வரும் அந்தக் குறுகுறுப்பும் எரிச்சலுமோ இருந்தால் சிசேரியன். இரண்டும் இல்லையென்றால் சுகப்பிரசவம். தொடையிலோ பின்புறத்திலோ மட்டும் புண் இருந்தால் அதை மூடிவிட்டுச் சுகப்பிரசவமே பார்க்கலாமாம். பனிக்குடத்தைத் தாங்களாக உடைப்பதையும், இதயத்துடிப்பைப் பார்க்கக் குழந்தையின் தலைத்தோலில் கருவி பொருத்துவதையும், ஆயுதம் போட்டு எடுப்பதையும் கூடிய மட்டும் தவிர்ப்பதாகச் சொல்லியிருக்கிறார். பனிக்குடம் தானாக உடைந்தால் வலிக்குக் காத்திராமல் நான் கிளம்ப வேண்டும்.

அம்மாவிடம் இன்னும் பெயரைச் சொல்லவில்லை. மூன்று வேளை என்ன மாத்திரை என்று கேட்டார். ஒரு கிருமி குழந்தைக்குப் போகாமல் இருப்பதற்கு என்றேன். பொய் இல்லை. இப்போது இரவு பத்து மணிக்கு ஒரு செம்பு தண்ணீரோடு வந்து நின்று, நான் விழுங்கிய பிறகுதான் படுக்கப் போகிறார்.

பிறந்த பிறகு பார்த்துக்கொள்ள வேண்டியதையும் எழுதிவிடுகிறேன், இது உன் தங்கைக்கும் பொருந்தும். முதல் ஆறு வாரம் வரை குழந்தை பால் குடிக்க மறுத்தாலோ, எழுப்பினாலும் எழாமல் துவண்டு கிடந்தாலோ, காய்ச்சலோ வலிப்போ வந்தாலோ, தோலிலோ கண்ணோரத்திலோ வாயிலோ ஒரு நீர்க்கொப்புளம் தெரிந்தாலோ நேரே மருத்துவமனைக்குப் போக வேண்டும். நம் வீடுகளில் கொப்புளத்தைக் கண்டதும் அம்மை என்று சொல்லி வேப்பிலை வைப்பார்கள், அக்கி என்று சொல்லிக் காவி பூசுவார்கள். பெரியவர்களின் மனம் நோகுமே என்று ஒரு நாள்கூடப் பொறுக்காதே. பிறந்த குழந்தைக்கு இந்த நோய் மூளை வரை போகக்கூடியது. சீக்கிரம் தொடங்கினால் நரம்பு வழியாக ஏற்றும் அசைக்ளோவிர் பெரும்பாலும் காப்பாற்றுகிறது. இரண்டு மூன்று வாரம் ஏற்றுவார்கள்.

தாய்ப்பால் கொடுக்கத் தடையில்லை, மார்பில் புண் இல்லாதவரை. உதட்டில் கொப்புளத்தோடு குழந்தையைப் பார்க்க வருகிறவர்கள் யாராக இருந்தாலும் முத்தம் கொடுக்கக் கூடாது. என் பெரியத்தைக்கு வெயில் காலத்தில் உதட்டில் வரும். இந்த ஒன்றை மட்டும் அம்மாவிடம் முன்கூட்டியே சொல்லிவிட்டேன், அத்தையிடம் பக்குவமாகப் பேசுவதாக அவரே ஏற்றுக்கொண்டார்.

உன் தங்கை இந்த வாரமே மருத்துவரைப் பார்க்கட்டும், முடிந்தால் கணவரையும் அழைத்துக்கொண்டு. எனக்கு வெள்ளிக்கிழமை அடுத்த செக்கப் இருக்கிறது. அவளுக்கு ஏதேனும் கேட்க வேண்டியிருந்தால் அதற்குள் தெரிவி, கேட்டு எழுதுகிறேன். கூச்சமாக இருந்தால் அவள் நேரடியாக எனக்கே எழுதலாம்.

அன்புடன்,
உன் பழைய அறைத்தோழி