சாவி கைக்கு வந்த பிறகுதான் துணை தேவை

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

சிங்கப்பூரில் வீடின்றி வெளியிடங்களில் உறங்குவோரைப் பற்றிப் பேச்சு எழும்போதெல்லாம் நம்மிடையே எண்ணிக்கைதான் முதலில் வந்து நிற்கிறது. நாடளாவிய நிலையில் 2019இல் நடந்த முதல் கணக்கெடுப்பு ஏறக்குறைய ஆயிரம் பேர் என்றது. 2021இல் தெருக்களில் 616 பேரும் தற்காலிகத் தங்குமிடங்களில் 420 பேரும் இருந்தனர். 2022இல் தெருவில் உறங்குவோர் எண்ணிக்கை 530ஆகக் குறைந்தது. இறங்குமுகம் மகிழ்ச்சி தருகிறது. ஆனால், தங்குமிடத்திற்குள் சென்றவர் அங்கிருந்து வாடகை வீட்டுக்குப் போய் அங்கேயே நிலைத்தாரா என்பதை இந்த எண்கள் சொல்வதில்லை.

இரவு வேளையில் உணவுப் பொட்டலமும் தண்ணீர்ப் போத்தலும் எடுத்துச் சென்று நலம் விசாரிக்கும் தொண்டூழியர்களை நான் பெரிதும் மதிக்கிறேன். 2019இல் சமூக, குடும்ப மேம்பாட்டு அமைச்சு தெருவில் உறங்குவோருக்கு உதவத் தொடங்கிய ‘பியர்ஸ்’ கட்டமைப்பின்கீழ் அரசாங்க அமைப்புகளும் சமூகக் குழுக்களும் வழிபாட்டு இடங்களும் கைகோத்திருப்பதும் நல்ல பலன் தந்துள்ளது. எனினும், தெருவில் இருக்கும்வரை ஒருவரைச் சுற்றி இருக்கும் கூட்டம், அவர் கையில் வீட்டுச் சாவி வந்த மறுவாரமே கலைந்துவிடுகிறது. உண்மையில், தொடர்ந்து பழகித் துணைநிற்கும் வழிகாட்டி தேவைப்படுவது அதற்குப் பிறகுதான் என்பதே இக்கடிதத்தின் வழி நான் முன்வைக்க விரும்பும் கருத்து.

‘வேலைக்குப் போனால் எல்லாம் சரியாகிவிடும்’ என்று சொல்வோர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். முதல் கணக்கெடுப்பின்போது பேட்டி அளித்தவர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் ஏற்கெனவே துப்புரவு, பாதுகாவல் போன்ற குறைந்த சம்பள வேலைகளில் இருந்தவர்கள். மணமுறிவு, குடும்பத் தகராறு, கடன், உடல்நலக் குறைவு என்று ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கும் சிக்கல்களை மாதச் சம்பளம் மட்டும் அவிழ்த்துவிடாது.

வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தின் (வீவக) ஓரறை வாடகை வீட்டைத் தனியாள் ஒருவர் பெரும்பாலும் இன்னொருவருடன்தான் பகிர்ந்துகொள்ள வேண்டும். துணைக்கு ஆள் தேடித் திண்டாடும் நிலையை மாற்ற, 2021 இறுதியில் முன்னோடித் திட்டமாகத் தொடங்கிய ஏற்பாட்டில், அவ்வீடுகளை நடத்தும் சமூக சேவை அமைப்பே இருவரைச் சேர்த்து வைக்கிறது. நல்ல மாற்றம்தான். ஆனால், பன்னிரண்டு மணி நேர இரவுப் பாதுகாவல் பணி முடித்து வந்து பகலில் கண்ணயர நினைப்பவரும் காலை முதல் தொலைக்காட்சியை அலறவிடும் முதியவரும் ஒரே அறையில் எத்தனை நாள் பொறுத்துப் போவார்கள்? காற்றாடி எந்தப் பக்கம் திரும்புவது, சாமி படத்தை எங்கே மாட்டுவது என்பதிலெல்லாம் சண்டை மூளும். ஒரு நாள் இருவரில் ஒருவர் பையைத் தூக்கிக்கொண்டு மீண்டும் புளோக்கின் கீழ்த்தளத்துக்கே போய்விடுவார். பல குடும்பங்களைக் கவனிக்கும் சமூக ஊழியருக்கு அது தெரிவதற்குள் காலம் கடந்துவிடும். வாரம் ஒருமுறை தேநீர் குடிக்க வரும் வழிகாட்டிக்கு அந்தப் புகைச்சல் முன்னரே தெரிந்துவிடும்.

இன்னொரு சிறிய எடுத்துக்காட்டு: கைப்பேசிக் கட்டணம் கட்டாததால் எண் துண்டிக்கப்பட்டவருக்குச் அரசாங்க இணையச் சேவைகளுக்கான அடையாளக் கணக்கான சிங்பாஸின் மறைச்சொல்லை மாற்றுவதே பெரும்பாடு. அது இல்லாமல் மத்திய சேமநிதிக் கணக்கைக்கூட இணையத்தில் பார்க்க முடியாது. பக்கத்தில் உட்கார்ந்து பொறுமையாக உதவ ஒருவர் இருந்தால் ஒரு பிற்பகலில் முடிகிற வேலை இது. (நம் வீட்டு முதியவர்களுக்கு நாம் அன்றாடம் செய்வதுதான்!)

இத்தகைய வழிகாட்டுதலுக்குக் குறைந்தது ஓராண்டு கடப்பாடு வேண்டும். ஆண்டுக்கு ஒருமுறை பதாகையுடன் படம் எடுத்துக்கொள்ளும் நிறுவனத் தொண்டூழியம் இதற்கு உதவாது. பணம் கடன் கொடுக்கலாமா, மதுப்பழக்கம் திரும்பினால் யாரிடம் சொல்வது, எந்த நேரம்வரை தொலைபேசி அழைப்பை எடுப்பது போன்றவற்றில் முன்கூட்டியே பயிற்சி தேவை. எல்லை வகுக்காமல் இறங்கும் தொண்டூழியர் சில மாதங்களிலேயே களைத்துப்போய் ஒதுங்கிவிடுவார். அப்படி ஒதுங்குவது, ஏற்கெனவே பலரால் கைவிடப்பட்டவரை இன்னொரு முறை கைவிடுவதாகும்.

தமிழில் மனம்விட்டுப் பேசக்கூடிய வழிகாட்டிகள் கூடுதலாகத் தேவைப்படுகிறார்கள். தம் நிலைமையைச் சொந்தக்காரர்களிடம் சொல்லவே கூசும் வயதான ஆண்கள், படிவம் நிரப்பும் முகப்பில் ஆங்கிலத்தில் என்னத்தைச் சொல்லிவிடப் போகிறார்கள்? நம் ஆலயங்களும் சமூக அமைப்புகளும் ஓய்வுபெற்ற ஆசிரியர்கள், தாதியர், தொழிற்சங்கத்தினர் ஆகியோரைத் திரட்டி, அந்தந்த வட்டாரக் குடும்பச் சேவை நிலையங்களுடனும் தங்குமிட நடத்துநர்களுடனும் இணைத்துவிட முன்வர வேண்டும். தங்குமிடத்தில் இருக்கும்போதே வழிகாட்டியை அறிமுகப்படுத்தி, வீடு மாறும் நாளன்றும் அதன் பின்னரும் அதே நபர் தொடர்வதற்கான ஏற்பாட்டை அமைச்சு பரிசீலிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தொண்டூழியர் ஒருவர்,
தோ பாயோ