போத்தலின் அடியில் கிடந்தது மண் அல்ல

அன்பான வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

பாரிஸ் லாச்சப்பலில் நம் கடையைத் தெரிந்தவர்களுக்கு அந்தப் படமும் தெரிந்திருக்கும். கண்ணாடிக் கிண்ணத்தின் அடியில் கோப்பி மண்டி போலக் கறுப்பாக ஒரு படிவு. கீழே "மண் கலந்த வைன்" என்று இரண்டே சொல். இரண்டு வாரமாக வாட்சப்பில் சுற்றுகிறது. எனக்கே நான்கு பேர் அனுப்பிவிட்டார்கள். அதில் ஒருவர் என் மைத்துனர்.

விலை கூட என்று எழுதியிருந்தால் பேசாமல் இருந்திருப்பேன். கலப்படம் என்பதைத்தான் தாங்க முடியவில்லை.

அந்தப் போத்தல் நம் கடையில் விற்றது, 2009ஆம் ஆண்டு அறுவடையில் செய்த ஷாத்தோ து பொகாஸ்தெல் என்ற சிவப்பு வைன். தெற்குப் பிரான்சின் அவிஞ்ஞோன் நகருக்கு வடக்கே, ஷாத்தோநெஃப்-து-பாப் வட்டாரத்துத் தோட்டம். 1909 முதல் ஒரே குடும்பத்தின் வழியில் வருவது. 14ஆம் நூற்றாண்டில் ரோமை விட்டு அவிஞ்ஞோனில் இருந்த பாப்பரசர்கள் கோடைக்கென்று கோட்டை கட்டிய ஊர் என்பதால் வட்டாரத்துக்கு அந்தப் பெயர், 'பாப்பரசரின் புதுக் கோட்டை' என்று பொருள். ஒரு செப்டெம்பரில் நான் அங்கே போயிருக்கிறேன். கொடிகளுக்கு அடியில் நிலமே தெரியாது. எங்கு பார்த்தாலும் ரோன் நதி ஒரு காலத்தில் உருட்டிவந்த கூழாங்கற்கள், சில தேங்காய் அளவுக்கு. பொழுதுபட்ட பிறகு ஒரு கல்லில் கை வைத்தேன். இறக்கிவைத்த தோசைக்கல் போல இன்னும் சூடு இருந்தது. அங்கே மண் வேண்டுமென்றால் கல்லைக் கிளறித்தான் எடுக்க வேண்டும்.

கலப்படம் என்றீர்களே, அதைப் பொறுக்காமல் விவசாயிகள் தாங்களே கூடி விதி எழுதிய ஊர் அது. 1923இல் எழுதினார்கள், 1936இல் அரசாங்கமே சட்டமாக ஏற்றது. எந்தத் திராட்சை வைக்கலாம், எவ்வளவு அறுக்கலாம், எல்லாவற்றுக்கும் கணக்கு உண்டு. இன்றும் குலைகளைக் கையால்தான் வெட்ட வேண்டும், இயந்திரம் கூடாது. அந்த விதியில் உள்ள 13 வகைத் திராட்சையையும் வளர்த்து வைனில் சேர்ப்பவர்கள் பொகாஸ்தெல்காரர்கள். அதில் மூர்வேத்ர் என்ற தடித்த தோல் திராட்சைக்கு அங்கே பெரிய பங்கு.

மண்டி வருவதும் அந்தத் தோலால்தான். தோலிலிருந்து இறங்கிய நிறமும் துவர்ப்பும் ஆண்டுக்கணக்கில் ஒன்றோடொன்று ஒட்டிக் கனத்துக் கீழே படிகின்றன. பத்து வயது தாண்டிய நல்ல சிவப்பு வைனில் மண்டி இல்லாவிட்டால்தான் நான் யோசிப்பேன். பன்னாடையில் வடித்துக் கள்ளுக் குடித்த ஊர்க்காரர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியிருக்கிறது!

அந்தப் படம் எடுத்த அன்று நடந்தது இதுதான். காலையில் வாங்கிய போத்தலைக் காரில் உருட்டிக்கொண்டு கலியாணவீட்டுக்குப் போய், மத்தியானமே திறந்து, கடைசிச் சொட்டு வரை கவிழ்த்திருக்கிறார்கள். முதல் நாளே நிமிர்த்தி வைத்திருக்க வேண்டும். ஊற்றும்போது போத்தலின் கழுத்துக்குப் பின்னால் கைத்தொலைபேசி வெளிச்சத்தைப் பிடித்து, ஆடாமல் ஒரே மூச்சில் குடுவைக்கு மாற்ற வேண்டும். கறுப்புக் கோடு கழுத்துக்கு ஏறியவுடன் நிறுத்தி, மிச்சத்தை விட்டுவிட வேண்டும்.

இதைச் சொல்லாமல் விற்றது எங்கள் பிழை, ஒப்புக்கொள்கிறேன். எல்லாவற்றையும் வாய் ஓயாமல் சொல்லிக்கொடுத்த நம் பழைய தம்பி தையோடு லண்டனுக்குப் போய்விட்டார். புதிதாக வந்த பிள்ளைக்கு அரிசி மூட்டை தெரியும்; வைன் இப்போதுதான் பழகுகிறார். இனிப் பழைய போத்தல் ஒவ்வொன்றோடும் ஊற்றும் முறையைத் தமிழில் எழுதிய ஒரு துண்டு வரும்.

படம் வந்த அன்றே கடைக்கு வந்து, ஒன்றும் கேளாமல், அதே வைனில் இரண்டு போத்தல் வாங்கிப்போன அக்காவை மறக்க மாட்டேன். 19 ஆண்டுகளாக ஞாயிறு தவறாமல் வரும் உங்கள் எல்லோருக்கும் நன்றி. வரும் முதலாம் திகதியிலிருந்து பொகாஸ்தெல் போத்தலுக்கு 9 யூரோ கூடுகிறது. பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு வழக்கம்போல வாருங்கள், அவர்களுக்கு வடை இருக்கும்.

படம் எடுத்தவரை எனக்குத் தெரியும். பெயர் சொல்ல மாட்டேன். அண்ணை, ஒரு சனிக்கிழமை பின்னேரம் வாருங்கள். முதல் நாளே நிமிர்த்தி வைத்த போத்தல் ஒன்று மேசையில் இருக்கும். நானே ஊற்றித் தருகிறேன்.

இப்படிக்கு,
உங்கள் கடைக்காரர்